மலையேறும் வண்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் ரோஜாக்கள் ஓய்ந்ததும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, வண்டிக்குக் கம்பெனி சாமான் போடாம வெளிச் சாமான்ல சைலன்சர் மாட்டுனேனுங்க. செக் எஞ்சின் லைட்டு எரியுது. எரியாம பண்றது எப்படீங்க?"

கேட்கிற ஆள் தினமும் மாறுவார். பதில் சொல்கிற ஆள் நான் ஒருவன்தான். வேலையில் இருப்பவர்களுக்கு நேரம் இல்லை, எனக்கோ நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் ஒற்றை விரலால் நான் தட்டி முடிப்பதற்குள், கேட்டவர் அந்த லைட்டோடேயே வண்டியைக் கொடுத்து அனுப்பியிருப்பார். சங்கத் தலைவர் இதைப் பார்த்துவிட்டு, "ஆண்டு மலருல மொத்தமா எழுதிப் போட்டுருங்க, ரெண்டு பக்கத்துக்குள்ள" என்றார். ரெண்டு பக்கம் என்பது மட்டும் நடக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தகுதி. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் உண்டு, நின்று வேலை பார்ப்பவர்கள் உண்டு. "எங்க ஊட்டுக்காரர் படுத்துட்டே சம்பாதிச்சவருங்க" என்றுதான் என் மனைவி சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகம் செய்வாள். பொய்யில்லை. பாதி ஆயுளை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தவன். முகத்தைப் பார்த்தால் ஆளை மறந்துவிடுவேன். வண்டியின் அடிவயிற்றைக் காட்டினால் போன தீபாவளிக்கு வந்தவர் என்று சொல்லிவிடுவேன்.

தொழில் பழகிய கதை ரொம்பச் சின்னது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். நான் போட்ட வெல்டிங் தையல் எல்லாம் நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி இருக்கும். அங்கிருந்த மேஸ்திரி நல்ல மனுஷர். "சின்னச்சாமி, நீ சைலன்சர் வேலைக்குப் போயிரு. அது வண்டிக்கு அடியில இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க" என்று வழி காட்டினார். அப்படித்தான் சரவணம்பட்டிக்கு வந்து சேர்ந்தேன், சத்தி ரோட்டோரம் இருந்த ஒரு சைலன்சர் ஒர்க்‌ஷாப்பில்.

அங்கே ஃபோர்மேன் மைக்கேல் அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போகிற ஒரே மெக்கானிக்கை நான் அவரிடம்தான் பார்த்தேன். சத்தம் போடவே மாட்டார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். நல்ல மனநிலையில் இருந்தால், "சின்னச்சாமி, அந்த ஸ்பேனர எடு" என்பார். லேசாக முகம் வாடினால் "எடுங்க" ஆகும். ஒருநாள் சென்சார் வயரைச் சூடான குழாய்மேல் படும்படி விட்டுவிட்டேன். குனிந்து பார்த்தவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க சின்னச்சாமிங்க, அந்த வயரு போயி குழாய்மேல சாஞ்சுக்கிட்டு இருக்குதுங்களே, அதுக்குக் குளுருதுங்களா?" என்று கேட்டார். அன்று நான் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. பெற்ற அப்பன் பெல்ட்டால் அடித்தபோதும் ஒருவேளைச் சோற்றை விட்டவனில்லை நான்.

அவர் வேலை செய்கிற முறையைச் சொன்னாலே தம்பிகள் கேட்கிற கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

இந்தக் கால பெட்ரோல் வண்டியில், எஞ்சின் விடுகிற புகை கன்வெர்ட்டர் என்கிற டப்பாவுக்குள் போய்ச் சுத்தமாகி, அப்புறம் சைலன்சர் வழியாக வெளியே வருகிறது. டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பது, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று புகையை மோந்து பார்த்து எஞ்சினுக்குச் சொல்லும். பின்னால் இருப்பது, கன்வெர்ட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்று பார்க்கும். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பை ரெண்டு பக்கமும் நின்று பார்க்கிற மாதிரி. எங்கேயாவது கணக்கு இடித்தால் உடனே மீட்டரில் மஞ்சள் லைட்டு.

மைக்கேல் அண்ணன் சைலன்சர் மாட்டும்போது கன்வெர்ட்டரைத் தொடவே விட மாட்டார். அது கெட்டுப் போயிருந்தால் இன்னொரு கன்வெர்ட்டர்தான் போட வேண்டும். வெறுங்குழாயை வைத்து ஒப்பேற்றுவதற்கு அந்தப் பட்டறையில் இடமில்லை. குழாய் இணைப்புக்கு நடுவில் வைக்கிற பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார். போல்ட்டு எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் முடுக்கச் சொல்வார். குழாய் தானாக இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். சென்சாரை முறுக்கும்போது அதன் வயரும் கூடவே முறுக்கிக்கொள்ளக் கூடாது. எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பின்வாயை ஈரத்துணியால் ஒரு நிமிஷம் பொத்தச் சொல்வார். காற்று வெளியேற வழி தேடும்போது எந்த ஜாயின்ட்டாவது கசிந்தால் புஸ்ஸென்று காட்டிக் கொடுத்துவிடும். சென்சாருக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று கலந்து லைட்டு வந்துவிடும். காதை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு, "இங்க யாரோ பேசறாங்களே" என்பார். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

கடைசி வேலை என்னுடையது. புதிதாக மாட்டிய சாமானுக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு. எங்கள் ஊரில் எந்தப் பட்டறையிலும் இது உண்டு. மைக்கேல் அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் பொட்டு வைத்து முடிக்கிறவரை ஒதுங்கி நிற்பார். அப்புறம் அவர் வந்து பானெட்மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். "ரெண்டு எடத்துலயும் சொல்லி வெக்கறது நல்லதுதானுங்களே" என்பார். வண்டிக்காரர்கள் யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

லைட்டு விஷயத்தில் அவருடைய குணம் எனக்குப் புரிந்தது ஒரு பிள்ளையாரால்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி காரைக் கொண்டுவந்தார். கூடவே காலேஜ் படிக்கிற மகன். வண்டி வரும்போதே சத்தி ரோடு அதிர்ந்தது. பையன் எங்கேயோ கொடுத்து, கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருக்கிறான். சத்தம் கேட்டு ஊர் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். அப்பாவின் குறை வேறு: பெட்ரோல் நிறையக் குடிக்கிறது. மைக்கேல் அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். செக் எஞ்சின் லைட்டு இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர்.

"இந்தப் பிள்ளையாரு இங்கயே இருந்தாருங்களா?"

அப்பா பக்தியோடு சொன்னார்: "பையன் ஒட்டுனானுங்க. இவரு சாதாரணப் பிள்ளையாரு இல்லீங்க. வண்டிய எடுத்தா உள்ளிருந்து மஞ்சளா ஒளி வுடறாரு. எங்க ஊட்டுல எல்லாரும் தொட்டுக் கும்புட்டுப்போட்டுத்தான் வண்டியே ஏறுறோம்."

நான் குழாய் பார்க்கிற சாக்கில் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கே படுத்துச் சிரித்ததில் தலை சைலன்சரில் இடித்தது. பையன் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது. மைக்கேல் அண்ணன் நினைத்திருந்தால் அவனை அங்கேயே காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள ஒரு முக்கியமான சாமான் வுட்டுப் போயிருக்குதுங்க. அதப் போட்டுட்டா பெட்ரோலும் குறையும், சாமியும் சாந்தமாயிருவாருங்க." அப்பா டீ குடிக்கப் போனதும் பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்த லைட்டு உனக்கு எதிரி இல்ல. அது வண்டி பேசற பேச்சு. அதோட வாய அடைச்சுட்டியின்னா, நாளைக்கு நெசமா ஆபத்து வந்தாலும் அது சொல்ல முடியாது" என்றார். பையன் தலையை ஆட்டினான். பிள்ளையார் டேஷ்போர்டு நடுவில், அவருக்குரிய மரியாதையான இடத்துக்குக் குடிபோனார்.

இனி செல்வியின் வண்டி. தம்பிகளின் கேள்விக்கு மீதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

செல்வி வால்பாறைக்காரி. சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்து அவளே ஓட்டுகிறாள். எஸ்டேட் பாதையில் கல் ஏறி அடியில் அடித்து, முன்குழாய் விரிந்து, கன்வெர்ட்டரும் நசுங்கிப் போனது. கம்பெனி சாமான் வர மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவளால் அவ்வளவு நாள் நிறுத்தி வைக்க முடியாது. காரணம் ராமையா மாமா. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், அவள் இருக்கிற லைன் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு தடவை பொள்ளாச்சிக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் ஒரு தடவை போனபோது வளைவிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதிலிருந்து செல்விதான் கூட்டிப் போகிறாள்.

வெளிச் சாமானிலேயே தரமானதாகப் பார்த்து கன்வெர்ட்டர், முன்குழாய், சைலன்சர், புதுச் சென்சார் எல்லாம் போட்டோம். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். எந்த ஜாயின்ட்டும் பேசவில்லை. கடைசியில் நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தேன். செல்வி பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, எங்க ஊரு மழைக்கு இந்தப் பொட்டு ஆழியாறு தாண்டாதுங்களே. மலையேறுற வண்டி. அழியாத பொட்டா வையுங்க" என்றாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சைலன்சரில் சின்ன ஓட்டை அடைக்க ஒரு பேஸ்ட் உண்டு. சூடு பட்டால் கல்லாக இறுகும். சந்தனப் பொடியை அந்தப் பேஸ்ட்டோடு குழைத்தேன். வழவழவென்று அருமையாக வந்தது. புதிதாகப் போட்ட ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்று. முன் சென்சார் புத்தம் புதுசாகப் பளபளத்தது, அதன் தலைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக. செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் குனிந்து பார்த்து, "பரவால்லியே சின்னச்சாமி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அன்றைக்கு இரண்டு வேளைச் சோற்றைச் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மறுவாரமே செல்வி வந்து நின்றாள். மலை ஏறும்போது லைட்டு எரிகிறது, பிக்கப் விழுந்துவிடுகிறது.

வண்டியை ஏற்றினோம், பார்த்தோம். கசிவு இல்லை. வயர் சரி. ஓட்டிப் பார்த்தோம், லைட்டு எரியவில்லை. கேஸ்கெட்டைப் புதுசாக மாற்றி அனுப்பினோம். மறுபடியும் வந்தாள். சத்தி ரோட்டில் அன்னூர் வரை ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. எங்கள் முன்னால் அந்த வண்டி பெண் பார்க்க வந்த வீட்டுப் பெண் மாதிரி அடக்கமாக இருந்தது. மலைக்குப் போனால் மட்டும் சுயரூபம்.

"லைட்டு வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்குதுங்க? சத்தம் கித்தம்?" என்று அண்ணன் கேட்டார்.

"சத்தமெல்லாம் இல்லீங்க சார். கம்முனு சந்தன வாசம் வரும். சரி, சாமி கூடவே வருதுன்னு தைரியமா ஏறுவேன். பாத்தா லைட்டு."

சந்தனம் வைத்த இடத்தில் சந்தனம் மணக்காமல் பின்னே? யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரையும்விடக் குறைவாகப் போட்டுக்கொண்டவன் நான்.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். சென்சாரை ஏமாற்ற வழிகள் உண்டு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு துண்டுக் குழாய் வைப்பார்கள்; லேப்டாப்போடு வந்து, அந்த லைட்டே வராதபடி கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிற ஆட்களும் உண்டு. "அண்ணா, லைட்ட அடக்கி வுட்டுரலாமுங்க" என்றேன்.

அண்ணன் பதில் சொல்வதற்குள் செல்வி சொன்னாள்: "அண்ணா, லைட்டு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுதுங்க. வண்டி நடு வளைவுல நிக்கக் கூடாது, அவ்வளவுதான். மாமாவ ஏத்திட்டு வரையில பின்னாடி பஸ்ஸு, முன்னாடி ஏத்தம், பிக்கப் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்? போன தடவ இன்னொருத்தர் வண்டியில அனுப்புனேன். நாளைக்கு அவருக்கு முறை. அந்த வண்டியும் இல்ல."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சின்னச்சாமிங்க, அந்த அம்மணி கேட்டது என்ன, நீங்க குடுக்கறது என்னங்க?" என்றார். அப்புறம் வெள்ளைச் சட்டைமேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சென்சார் சொல்கிற கணக்கைக் காட்டும் ஸ்கேனரை எடுத்தார். "மலையில வர்ற நோவு. மலையிலதான் பாக்கோணும். வாங்க, போலாம்."

நான் வரவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சம். வாழ்நாள் பூராவும் கார்களோடு கிடந்த எனக்கு, கார் வளைந்தால் வாந்தி வரும். மருதமலைக்குக்கூட நான் படியேறித்தான் போவேன். அதைப் பக்தி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சுருண்டேன்.

ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தோம். செல்வி வண்டியை ஓட்டுகிற அழகைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. முன்சீட்டில் அண்ணன் மடியில் ஸ்கேனர். "முன் சென்சார் நல்லா ஆடுது" என்றார். அந்த எண் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடினால்தான் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வளைவுகள் ஏற ஏற அவர் குரல் மாறியது. "ஊஞ்சல் தாழுதுங்க... இன்னும் தாழுதுங்க..."

"வாசம் வருதுங்க சார்" என்றாள் செல்வி.

எனக்கு எலுமிச்சை வாசம் மட்டும்தான் வந்தது.

"ஊஞ்சல் நின்னு போச்சுங்க" என்றார் அண்ணன். மஞ்சள் லைட்டு எரிந்தது. வண்டி இருமுகிற கிழவன் மாதிரி இழுத்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. செல்வி அடுத்த வளைவில் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு மெலிந்த குரல்: "பாப்பா, காலைல வண்டி உண்டா? இல்லேன்னா சொல்லு. நான் பஸ்ஸுக்குக் கெளம்புறேன். நீ சங்கடப்படாத."

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இருங்க மாமா. கொஞ்ச நேரத்துல கூப்புடறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை ஒரு குரங்கு வந்து வாங்கிக்கொண்டு போனது. பறித்தது என்று சொல்ல முடியாது, அவ்வளவு நிதானமாக எடுத்தது. கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்து, பள்ளத்தில் எறிந்தது. நான் இருந்த நிலையில் அழுகையே வந்துவிட்டது.

பழம் போன பிறகுதான் மூக்கு திறந்தது. தலை வண்டிக்கு அடியில், வாய் திறந்தபடி. அந்த மலைக்காற்றில் கும்மென்று கோயில் கருவறை மாதிரி சந்தனம். அவ்வளவு வாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். சைலன்சர்மேல் வைத்த பொட்டுகள் எப்போதோ வெறும் கல்லாகிவிட்டிருந்தன. முன் சென்சார் தலையில் நான் தாராளமாக வைத்த பொட்டுதான் இன்னமும் வெந்துகொண்டிருந்தது. அது வெறும் தலை இல்லை. வயர் வெளியே வருகிற இடம்.

வாந்தி நின்றுவிட்டது. வேறொரு பயம் வந்தால் அது நின்றுவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

தம்பிகளே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அந்த மாதிரிச் சென்சார், குழாய்க்குள் இருக்கிற புகையை வெளியே இருக்கிற நல்ல காற்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்கிறது. அதற்காக வயர் பக்கம் நூலளவு சந்து வழியாக அது வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சமவெளியில் உள்ளே இருந்த காற்றை வைத்து எப்படியோ சமாளித்திருக்கிறது. மலையில் தொடர்ந்து சூடேறியதும் மூச்சு முட்டி, பெட்ரோல் போதவில்லை என்று தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி எஞ்சின் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறது.

"அண்ணா" என்று கூப்பிட்டேன். அவர் வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மண்டியிட்டுக் குனிந்தார். நான் விரலை மட்டும் நீட்டினேன். அப்புறம், என்னைவிட வயதில் பெரியவரான அவர் சொன்னார்:

"ஏனுங்க சின்னச்சாமி அண்ணாங்களே. அதோட மூக்குமேலயே பொட்டு வெச்சுப்போட்டீங்களேங்க."

அண்ணாங்களே! அந்தப் பள்ளத்தில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். அங்கே குரங்குகள் அதிகம்.

முதலில் சிரித்தது செல்விதான். வளைவுச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "நாந்தானுங்க அழியாத பொட்டா கேட்டேன். அண்ணா கேட்டதக் குடுத்திருக்காரு." அப்புறம் அண்ணனும் சிரித்துவிட்டார். "நானும் பாத்துப்போட்டுப் பரவால்லைன்னு சொன்னேனுங்களே" என்றார். "கண்டுபிடிச்சது அந்தக் குரங்கு. வர்ற ஆயுத பூஜைக்கு அதுக்கு ஒரு பொட்டலம் பொரி அனுப்போணும்."

குழாய் ஆறுகிறவரை காத்திருந்தோம். செல்வி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். நான் படுத்து, அதன் முனையால் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். லேசில் வரவில்லை. அந்தப் பேஸ்ட்டால் நான் அடைத்த எத்தனையோ சைலன்சர் ஓட்டைகள் மறுமாசமே பிய்த்துக்கொண்டு வந்திருக்கின்றன. என் வாழ்க்கையிலேயே நான் கச்சிதமாக அடைத்தது இது ஒன்றைத்தான். துளித் துளியாக உதிர்த்து, சந்தைத் திறந்து, ஊதித் துடைத்தேன். அண்ணன் ஸ்கேனரில் லைட்டை அணைத்தார். அன்று மட்டும் அணைக்க அவருக்கு மனசு வந்தது.

மறுபடி ஏறினோம். "ஆடுது" என்றார் அண்ணன். இரண்டு வளைவு கழித்து, "ஆடுதுங்க" என்றார். இந்தத் தடவை அந்த 'ங்க' செல்விக்கு. அட்டகட்டி தாண்டினோம். தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. ஊஞ்சல் நிற்கவே இல்லை. வால்பாறை பஸ் ஸ்டாண்டு தெரிந்ததும் செல்வி ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தாள். "மாமா, காலைல வாறேன். ரெடியா இருங்க." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்குகிறபோதும் கூடவே இருந்து பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், அவளுடைய சித்தப்பா வீட்டில் தங்கினோம். பொள்ளாச்சி போனதும் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். மூச்சுத் திணறிய ஆளை நம்பி ஏற்றத்தில் விடக் கூடாதாம். பொட்டு வைக்கிற பழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. சைலன்சரின் பின்வாய் விளிம்பில் வை, சந்தனத்தில் சந்தனம் மட்டும் இருக்கட்டும் என்று சொன்னார். சைலன்சரே இல்லாத கரண்டு வண்டிகள் இப்போது சரவணம்பட்டி முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்குப் பொட்டை எங்கே வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும், அந்தச் சாமான் எதை மூச்சாக இழுக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

விடிந்ததும் ராமையா மாமா வந்தார். ஒல்லியான மனுஷர், கம்பளித் தொப்பி, சால்வை, கையில் ஒரு துணிப்பை, சின்னத் தண்ணீர் பாட்டில். என்னோடு பின்சீட்டில் ஏறினார். "தம்பிதான் அந்தப் பொட்டு வெச்சவுங்களா?" என்று கேட்டார். செல்வி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். மூன்றாவது வளைவிலேயே என் தலை சரிந்தது. மாமா சன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து விரித்துப் பிடித்தார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று பாட்டிலைப் பார்த்தேன். அது பாதிதான் இருந்தது. சிறுநீரகம் போன அவருக்குத் தண்ணீர் அளந்துதான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, கையை இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "குடிங்க தம்பி. எனக்கு அளவுதான். மிச்சத்த நீங்க குடிச்சா எனக்கு சந்தோசம்தான்" என்று பாட்டிலை என் வாயில் வைத்தார்.

முன்சீட்டிலிருந்து அண்ணன் அவ்வப்போது சொல்லிக்கொண்டு வந்தார்: "ஆடுதுங்க... ஆடுதுங்க..." மீட்டரில் ஒரு லைட்டும் இல்லை.

ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். "எங்கம்மா, இவ்வளவு வெள்ளன?" என்று கேட்டுக்கொண்டு ஃபாரஸ்ட் கார்டு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குங்க சார். உள்ள பேஷண்ட் இருக்காரு."

அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் மடியில் தலை வைத்து, வாயைப் பிளந்து, கண் செருகிக் கிடந்தேன்.

"அடடா. ரொம்ப முடியலையா அவருக்கு?"

மாமா தன் சால்வையை எடுத்து எனக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

"ஆமாங்க சார்" என்றார். "வளைவுன்னா ஒத்துக்காது. சீக்கிரம் கேட்டைத் தொறந்து வுடுங்க, பாவம்."